காப்புக் கட்டிய ஸ்டீரிங்

அரியலூர் ரயிலடி வீட்டில் சண்டையில்லாமல் ஒரு வாரம் கழிந்தால் அந்த வாரம் மழை பெய்யும் என்று தெருவில் சொல்வார்கள். அந்த மாசி மாதத்தில் ஒரு தூறல்கூட விழவில்லை.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்கு வாசலிலேயே நாலு வார்த்தை. ரயிலடி வீட்டு வைரக்கண்ணுவுக்கு பஸ் சர்வீஸ். அவர் தங்கை ஜெகதாவைக் கொடுத்த பெரம்பலூர் சம்பந்தி வீட்டுக்கும் பஸ் சர்வீஸ். ரயில் வரும் நேரத்துக்கு இரண்டு வீட்டு பஸ்ஸும் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கும். முன்னால் நிற்கிற பஸ் கூரை வரை நிரம்பும், பின்னால் நிற்கிற பஸ்ஸுக்கு ஈதான் ஏறும். முன்னால் நிற்பது யார் என்று வாய்ச்சண்டை வந்து, கைகலப்பு வந்து, பஞ்சாயத்தும் கூடி, கடைசியில் பந்தயத்தில் வந்து நின்றது.

யுத்தத்தின்போது உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ஆகாய விமானம் இறங்குவதற்காகப் போட்ட நீள ஓடுதளம் இப்போது ஆடு மேயக் கிடக்கிறது. இரண்டு வீட்டு வண்டியும் அங்கே பக்கம் பக்கமாக நிற்க வேண்டியது, கைக்குட்டை விழுந்ததும் கிளம்ப வேண்டியது. மறுகோடியை முதலில் தொடுகிற வீட்டுக்கு ஸ்டேஷன் வாசல். கூலிக்கு டிரைவர் வைக்கக் கூடாது, வீட்டு ஆண்பிள்ளைதான் ஓட்ட வேண்டும் என்பது பேச்சு. விடிந்தால் பந்தயம்.

இதற்காக வைரக்கண்ணு பட்டாளத்து ஏலத்தில் எடுத்து வந்திருந்தது ஓர் அமெரிக்க வண்டி. மேலே இருந்த இரும்புக் கவசத்தை எல்லாம் உரித்து எறிந்தாகிவிட்டது. உள்ளே இரண்டு எஞ்சின், நாலு தடித்த டயர், முன்னால் இரண்டு ஆசனம், அவ்வளவுதான் மிச்சம். ஆனால் அதில் ஒரு அதிசயம் இருந்தது. எஞ்சினோடு சேர்ந்து ஓடும் ஒரு பம்பு, எண்ணெயை அழுத்தி, முன்சக்கரத்தைத் தானே திருப்பிக் கொடுக்கும். ஓட்டுகிறவன் ஸ்டீரிங்கை இரண்டு விரலால் தொட்டால் போதும். எண்ணெய் ஸ்டீரிங் என்று அதற்கு ஊரே பேர் வைத்துவிட்டது.

வைரக்கண்ணுவின் மனைவி பஞ்சவர்ணம் அந்தப் பம்புக்குத் தினமும் கற்பூரம் காட்டாத குறை. காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எஞ்சினைக் கிளப்ப பஸ்ஸுக்கு முன்னால் நின்று ஹேண்டில் சுற்றிப் போடும்போது அது எதிர்ப்பக்கம் திருப்பி அடித்து அவர் வலது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்தது. கட்டுப் போட்டவர் கோணலாகப் போட்டார். எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. அன்றைக்கு ஸ்டீரிங்கை விட்டு இறங்கிய மனிதர், இந்த அமெரிக்க வண்டி வந்த பிறகுதான் மறுபடி ஏறினார். ஏறினபோது அவர் முகத்தைப் பார்த்தவள் அவள்தான்.

ஆகவே, அன்று காலை காப்பி டம்ளரோடு கொட்டகைக்குள் போன பஞ்சவர்ணம், அந்தப் பம்பு கோணிச்சாக்கின் மேல் எண்ணெய் வடியக் கிடப்பதைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான் கொழுந்தன் தர்மராஜ். வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் அரியமுத்துவின் கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"இதை யாரு கழட்டச் சொன்னது?" என்றாள் பஞ்சவர்ணம்.

"நான்தான் அண்ணி. அந்தப் பம்பு எஞ்சின் பலத்தை உறிஞ்சிக் குடிக்குது. கனமும் ஜாஸ்தி. நேரா ஓடற பந்தயத்துக்கு எண்ணெய் ஸ்டீரிங் எதுக்கு? கை ஸ்டீரிங் போதும்."

"யார் கைக்குப் போதும்?"

தர்மராஜ் சிரித்தான் பாருங்கள், அதுதான் தப்பு. அந்தச் சிரிப்பில் பஞ்சவர்ணத்துக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. பம்பைக் கழற்றினால் ஸ்டீரிங் பாறாங்கல்லாக இறுகும். அண்ணன் கையால் அது ஆகாது. ஆகாவிட்டால் ஆசனம் தம்பிக்கு. ஆசனத்தில் ஏறி ஜெயித்தவன்தான் நாளை முதல் இந்த வீட்டுக்குப் பெரியவன். பஸ் பெர்மிட்டில் யார் பேர் இருந்தால் என்ன, ஊர் யாரைக் கும்பிடுகிறது என்பதுதானே கணக்கு.

கொட்டகையை விட்டு வெளியே வந்தவள் நேரே கணவரிடம் போனாள். வைரக்கண்ணு கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னாள். அவர் வாயைக் கொப்பளித்தார், துண்டால் துடைத்தார், மறுபடி ஒருமுறை கொப்பளித்தார்.

"தம்பி ஓட்டட்டும், விடு" என்றார்.

"உங்க வண்டிங்க."

"வூட்டு வண்டி. என் கையால ஆகாதுன்னா அவன் ஓட்டறான். இதுல என்ன இருக்கு?"

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவமானத்தில் பார்க்கவில்லை என்று பஞ்சவர்ணம் எடுத்துக்கொண்டாள். இந்த மனிதர் எப்போதுமே இப்படித்தான், இலையில் விழுந்த சோற்றைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருக்கிறவர். அவருக்காகப் போராட அவரையே நம்பினால் ஆகாது என்று அவள் முடிவு கட்டினாள். அவள் முடிவு கட்டினால் கட்டினதுதான், உடையார்பாளையத்துப் பெண்.

வைரக்கண்ணு சட்டையை மாட்டிக்கொண்டு பெட்ரோல் கூப்பன் விஷயமாக வெளியே கிளம்பினார். தர்மராஜ் பலகாரம் சாப்பிட உள்ளே போனான். கொட்டகையில் அரியமுத்து மட்டும் இருந்தான். இவன் யுத்தத்தில் பட்டாள ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்தவன். வேலைக்காரன்தான், ஆனால் சிடுசிடுப்புக்காரன். பேசினால் காசு செலவாகும் என்கிற மாதிரி இருப்பான்.

எண்ணெய் ஸ்டீரிங்கைத் திரும்ப மாட்டு என்றாள் பஞ்சவர்ணம். முடியாது என்றான். குழாயை அறுத்தாகிவிட்டது, அந்தக் குழாய் இந்த ஜில்லாவிலேயே கிடைக்காது.

"சரி, கை ஸ்டீரிங்கே இருக்கட்டும். அது இலேசா திரும்பணும். அதுக்கு என்ன வழி?"

"எனக்குத் தெரியாதுங்கம்மா."

"எங்க அண்ணன் வூட்டு லாரி இதைவிடக் கனம். நெல்லு மூட்டையோட அதைத் திருப்பறான். அது எப்படித் திரும்புது?"

அரியமுத்து ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு வேண்டாவெறுப்பாகச் சொன்னான். ஸ்டீரிங் தண்டின் அடியில் ஒரு பல் சக்கரப் பெட்டி இருக்கிறது. எண்ணெய் உதவி இருக்கும் வண்டியில் கொஞ்சம் சுற்றினாலே சக்கரம் முழுசாகத் திரும்புகிற மாதிரி அதை வைத்திருப்பான். லாரியின் பெட்டியில் அப்படியில்லை. நிறையச் சுற்ற வேண்டும், மெதுவாகத் திரும்பும், ஆனால் இலேசாகத் திரும்பும். லாரிப் பெட்டியும் லாரியின் பெரிய ஸ்டீரிங் வட்டமும் இதில் ஏறினால் குழந்தைகூடத் திருப்பலாம்.

"அதைக் கொண்டாந்தா மாட்டுவியா?"

"மாட்டலாம். ஆனா முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்கம்மா."

"கேட்டா வேண்டாம்பார். அவர் குணம் எனக்குத் தெரியாதா?"

"இல்லீங்கம்மா, கேட்டுட்டுச் செய்யறது நல்லது." அவன் இரண்டாம் தடவையும் சொன்னான். சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறவன் இல்லை என்பது பஞ்சவர்ணத்துக்கு அப்போது உறைக்கவில்லை. தர்மராஜ் பக்கம் சாய்ந்தவன் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

உடையார்பாளையம் போகிற கரி பஸ்ஸில் ஏறினாள். பெட்ரோல் பஞ்சம் வந்ததிலிருந்து பஸ்ஸின் முதுகில் ஒரு அடுப்பைக் கட்டி, கரியைக் கொளுத்தி, அந்தப் புகையில் ஓட்டுகிறார்கள். மேட்டைக் கண்டால் பஸ் நிற்கும், எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். ரயிலடி வீட்டு எஜமானி மேடு மேடாக இறங்கி, வெயிலில் நடந்து, முகத்தில் கரி படியப் பிறந்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அவள் அண்ணன் அய்யாக்கண்ணுவின் லாரி ஒன்று அச்சு முறிந்து முந்திரித் தோப்பு ஓரத்தில் நின்றது. அதன் ஸ்டீரிங்கைப் பெட்டியோடு பிடுங்கித் தா என்றாள். அவன் தலையைச் சொறிந்தான். எல்லாம் தரலாம், மாப்பிள்ளைக்கு இது தெரியுமா என்று கேட்டான்.

"அவர்தான் அனுப்பினார்" என்றாள் பஞ்சவர்ணம்.

பொய் சொல்லி அவளுக்குப் பழக்கம் கிடையாது. அதனாலேயே அது உண்மை மாதிரி வந்தது. அய்யாக்கண்ணு ஆளை விட்டுக் கழற்றி, சாக்கில் சுற்றி, பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கொடுத்தான். அண்ணி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். ஜெயித்துவிட்டு வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

திரும்பி வந்து, ஸ்டேஷனில் நின்ற ஒரு கூலியாள் தலையில் சாக்கை வைத்துக் கொட்டகைக்கு அழைத்து வந்தபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. கொட்டகை வாசலில் தெரு ஜனங்கள் பத்துப் பேர் நின்று பந்தய வண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசனத்தில் தர்மராஜ் உட்கார்ந்து, பல்லைக் கடித்து, தோள் புடைக்க ஸ்டீரிங்கைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி புஷ்பவல்லி சந்தோஷம் பொங்க நின்றாள்.

"இறங்குங்க தம்பி. உங்க அண்ணனுக்கு ஸ்டீரிங் வந்திருக்கு" என்றாள் பஞ்சவர்ணம்.

சாக்கைப் பிரித்ததும் தர்மராஜுக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. லாரி ஸ்டீரிங் போட்டால் அவசரத்துக்கு வண்டி திரும்பாது, ஒரு திருப்பத்துக்கு ஒன்பது சுற்று சுற்ற வேண்டும், பந்தய வண்டியில் எவனாவது மாட்டுவானா என்றான். நேராக ஓடுகிற பந்தயத்துக்குத் திருப்பம் எதற்கு என்று அவன் காலையில் சொன்னதையே அவனுக்குத் திருப்பிக் கொடுத்தாள். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. இறங்கி வந்தான்.

"அண்ணி, உள்ளதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நொண்டிக் கைக்கு ஏத்த மாதிரி வண்டியை நொண்டியாக்காதீங்க. தோத்தா எல்லாருக்கும்தான் சோறு போயிடும்."

நொண்டிக் கை. தெருவில் வைத்து. பஞ்சவர்ணத்துக்குக் காதில் இரைச்சல் கேட்டது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்று அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கியிருக்கலாம். விழுங்கி விழுங்கித்தானே குடும்பம் என்று ஒன்று நடக்கிறது. அவள் விழுங்கவில்லை.

"அந்தக் கையை நொண்டியாக்கினது யாரு?" என்றாள். "அவர் முன்னால குனிஞ்சு ஹேண்டில் போட்டார். சீட்டுல உக்காந்திருந்தது நீங்க. ஸ்பார்க் பிடியை முன்னால தள்ளி விட்டா ஹேண்டில் திருப்பி அடிக்கும்னு இந்த வூட்டு நாய்க்குக்கூடத் தெரியும். உங்களுக்குத் தெரியாதா? அன்னிக்கு மறந்துட்டேன்னீங்க. மறந்தீங்களா, வேணும்னு செஞ்சீங்களா?"

வண்டிக்கு அடியில் அரியமுத்து தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது.

தர்மராஜ் அவளை அடித்துவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் அடிக்கவில்லை. அப்புறம் புஷ்பவல்லியைப் பார்த்து, துணிமணியை எடுத்து வை என்றான்.

புஷ்பவல்லி அழவில்லை. பஞ்சவர்ணத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"ஒடிஞ்ச கையோட இருந்த அண்ணனை இவர்தான் ஆறு மாசம் குளிப்பாட்டி விட்டாரு அக்கா. நீங்க முழுகாம இருந்து படுத்த படுக்கையா கிடந்தப்ப. அதை மறந்துட்டீங்க. நான் மறக்க மாட்டேன்."

பஸ் வரும் நேரமாகியிருந்தது. வந்தது சம்பந்தி வீட்டு பஸ். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு தகரப் பெட்டியோடு அதில் ஏறிப் பெரம்பலூர் பக்கம் போனார்கள். ரயிலடி வீட்டு ஆள் சம்பந்தி பஸ்ஸில் காசு கொடுத்து ஏறினதை ஸ்டேஷன் வாசலே வாயைப் பிளந்து பார்த்தது. எதிரிக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

பஞ்சவர்ணத்துக்கு நெஞ்சுக்குள் என்னவோ நழுவியது. ஆனால் கைக்கு வேலை இருந்தது. அதனால் அதைப் பார்க்க அவள் நிற்கவில்லை. மாட்டு என்றாள். அரியமுத்து மாட்டினான்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வைரக்கண்ணு திரும்பி வந்தார். கொட்டகை வாசலில் தெருவே கூடியிருந்தது. விஷயம் காதுக்குக் காது பரவி, கடைத்தெருவிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். தம்பி எங்கே என்று கேட்க வாயெடுத்தவரை, "ஏறிப் பாருங்க, இலேசா திரும்புது" என்று வழிவிட்டார்கள். ஒருத்தர் முதுகில் கை வைத்துத் தள்ளினார். இவ்வளவு பேர் முன்னால் மறுக்க முடியுமா? ஏறினார்.

பெரிய லாரி வட்டத்தை இடது கை பிடித்தது. வலது கை சும்மா மேலே இருந்தது. சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். முன்சக்கரம் இரண்டும் மெதுவாக, சொன்ன பேச்சைக் கேட்கிற மாடு மாதிரி, ஒரு பக்கம் திரும்பின. மறுபக்கம் சுற்றினார், மறுபக்கம் திரும்பின. கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது.

பஞ்சவர்ணத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. பட்ட பாடு, சொன்ன பொய், பேசின பேச்சு எல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்கே தகும் என்று நினைத்தாள். அப்படி நினைத்த கையோடு, நிறைந்த மனசில் மனுஷர் செய்கிற தப்பையும் செய்தாள்.

அந்த வீட்டில் மாட்டு வண்டிப் பந்தயம் ஓடிய காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. ஓட்டப் போகிறவன் பேரைச் சொல்லி அவன் பெண்டாட்டி கயிற்றில் மஞ்சள் துணியால் காப்புக் கட்டுவாள். கட்டிவிட்டால் அப்புறம் அந்தக் கயிற்றை வேறு ஆள் தொடக் கூடாது, ஓட்டி முடித்துவிட்டுத்தான் காப்பை அவிழ்க்க வேண்டும். நடுவில் அவிழ்த்தால் கட்டினவள் தாலிக்கு ஆகாது. மாமியார் காலத்தில் யாரோ அவிழ்த்து, யாருக்கோ என்னவோ ஆயிற்று என்று ஒரு கதையும் உண்டு. அது நிஜமோ பொய்யோ, அந்த வீட்டில் அதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

பஞ்சவர்ணம் உள்ளே ஓடினாள். மஞ்சளில் நனைத்த துணியும் குங்குமமும் கொண்டுவந்தாள். அத்தனை ஜனங்கள் பார்க்க, புருஷன் பேரை மாத்திரம் வாய்க்குள் சொல்லி, குலதெய்வத்தின் பேரை உரக்கச் சொல்லி, ஸ்டீரிங் வட்டத்தில் காப்பைக் கட்டினாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

கட்டி முடித்து நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அது சந்தோஷப்பட்டவன் முகமாக இல்லை. வெயிலில் அலைந்த களைப்பு என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. விளக்கு வைத்தார்கள். அரியமுத்துவும் கை கழுவிக்கொண்டு போய்விட்டான். வைரக்கண்ணு இன்னும் அந்த ஆசனத்தை விட்டு இறங்கவில்லை.

"சாப்பிட வாங்க" என்றாள்.

"தம்பியை என்ன சொன்னே?"

சொன்னாள். கூட்டிக் குறைக்காமல் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தார். அவன் செய்தது நியாயமா, பம்பைக் கழற்றி உங்களைக் கீழே இறக்கப் பார்த்தானே என்று கேட்டு முடித்தாள்.

"பம்பைக் கழட்டச் சொன்னது நான்" என்றார் வைரக்கண்ணு.

பஞ்சவர்ணம் கோணிச்சாக்கின் மேல் கிடந்த பம்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"அரியமுத்துகிட்டச் சொன்னேன். பம்பு பலத்தைக் குடிக்குதுன்னு தம்பி காதுல போட்டுவைன்னேன். அவன் தன் யோசனைன்னு நினைச்சுக் கழட்டினான். உன்கிட்டச் சொல்லாதேன்னும் அரியமுத்துகிட்ட நான்தான் சத்தியம் வாங்கினேன்."

"என்னத்துக்கு?"

போன வெள்ளிக்கிழமை ஓடுதளத்தில் ஓட்டிப் பார்த்ததைச் சொன்னார். வேகம் ஏற ஏற எண்ணெய் ஸ்டீரிங் கைக்குக் காற்றுப் போல ஆகிவிட்டது. சக்கரம் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கூடின எலும்பு அவ்வப்போது ஒரு வெட்டு வெட்டி இழுக்கும், அன்றைக்கும் இழுத்தது. இரண்டு விரலுக்குத் திரும்புகிற வண்டி, ஒரு கை இழுத்தால் என்ன செய்யும்? ஒரே பாய்ச்சலாக ஓரத்துக்குப் போனது. ஓரத்தில் ஒரு பெண்பிள்ளை புல் அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வண்டி புல்லுக்கட்டின் மேல் ஏறி இறங்கியது. அவள் ஒரு சாண் தள்ளி இருந்தாள்.

"அவ கத்தலை. ஏசலை. வண்டி நின்னதும் வந்து, நசுங்கின புல்லை உதறி உதறி மறுபடி கட்டினா. நான் உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு இறங்கக் கால் வரலை."

தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குப் பயமா இருக்கு பஞ்சவர்ணம். பயமா இருக்குன்னு எந்த ஆம்பளை ஊர்ல சொல்வான்? கை ஆகலைன்னா சொல்லலாம். ஸ்டீரிங் கனமா இருக்கு, என் கையால ஆகலை, தம்பி நீ உக்காருன்னு நாலு பேர் முன்னால என் கையால அவனுக்குக் கொடுத்திருப்பேன். மரியாதையாப் போயிருக்கும். நீ அதை இலேசாக்கிட்டே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் பஞ்சவர்ணம்.

"உன்கிட்டயா?" அவர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கல்யாணமான நாள் முதல் அவள் கண்டிராத வெறுப்பு இருந்தது. "உனக்கு வேண்டியது ஸ்டீரிங்ல உக்காந்த புருஷன். இறங்கினவன் முகத்தை நீ ரெண்டு வருஷம் எப்படிப் பாத்தேன்னு எனக்குத் தெரியாதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. இல்லவே இல்லை என்று சொல்ல முடிந்திருந்தால் இந்த இடத்தில் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

"உக்காரத் தெரிஞ்ச ஒருத்தனையும் வாய்க்கு வந்ததைப் பேசி விரட்டிட்டே. அவன் எந்த வூட்ல போய் இறங்கியிருக்கான்னு தெரியும்ல? ஜெகதா வூட்டு வண்டியை நாளைக்கு அவன்தான் ஓட்டுவான். அவங்க வூட்லயும் ஓட்டறதுக்கு ஆள் இல்லாமத்தான் தவிச்சுக்கிட்டிருந்தாங்க. தங்கச்சி புருஷன் வூடு, அதுவும் வூட்டு ஆண்பிள்ளைதான்னு ஊர் ஒத்துக்கும்."

பஞ்சவர்ணம் ஆசனத்தருகே போனாள். அவள் கை ஸ்டீரிங்கில் இருந்த மஞ்சள் முடிச்சுக்குப் போயிற்று.

"அவுத்துடு" என்றார் வைரக்கண்ணு. "ஊருக்கு நான் என்னமாவது சொல்லிக்கறேன். அவுத்துடு."

அவள் விரல் முடிச்சின் மேல் இருந்தது. மாமியார் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. அவிழ்த்தால் தாலிக்கு ஆகாது. அவிழ்க்காவிட்டால், கை இழுக்கிற மனிதர், மெதுவாகத் திரும்புகிற வண்டி, பக்கத்தில் ஆங்காரத்தோடு வருகிற தம்பி. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே தாலிதான். விரலை எடுத்துக்கொண்டாள்.

"முடியாதுல்ல?" வைரக்கண்ணு ஆசனத்தை விட்டு இறங்கினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, நான் ஏறறேன். பக்கத்துல இன்னொரு சீட்டு இருக்கு பாரு. நாளைக்கு அதுல நீ ஏறு."

"நானா?"

"தாலியைப் பணயம் வெச்சது நீ. அதை வூட்ல உக்காந்துக்கிட்டு வைக்கக் கூடாது."

சொல்லிவிட்டு அவர் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். பஞ்சவர்ணம் முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். அவளே போட்ட முடிச்சு, நன்றாகத்தான் விழுந்திருந்தது.